ஊர் பேர் தெரிந்த மாப்பிள்ளை

எங்கள் பெரியப்பாவுக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் "ஊர் பேர் தெரியாத பய" என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் அந்த வழக்கில் மேல்முறையீடு கிடையாது. அப்பாவுக்கு மூத்தவர், ரங்கூன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீட்டில் காது குத்துவதென்றாலும் கல்யாணம் பேசுவதென்றாலும் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்க்க வேண்டும். ஊரைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. தஞ்சாவூர்க்காரன் என்றால் பேச்சில் தேன், கையில் ஒன்றும் இராது. இராமநாதபுரத்தான் கோபக்காரன், ஆனால் சொன்ன சொல் தவறமாட்டான். இப்படி ஒவ்வொரு சீமைக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். இத்தனைக்கும் அவர் பிறந்ததிலிருந்து பர்மாவைத் தாண்டியதில்லை. அதிகபட்சம் போன தூரம் ஐம்பது மைலில் இருக்கிற பெகு.

இந்தத் தீர்ப்புகளில் அடிபட்டவள் என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் மூன்றாவது மாடியில் எங்களோடுதான் இருந்தாள். நகர நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவளைக் கேட்டு வந்த ஒருவனுக்கு ஊர் சரியில்லை. இன்னொருவனுக்கு ஊர் சரிதான், ஆனால் அவன் அம்மாவின் ஊர் சரியில்லை. இப்படியே கழிந்து கழிந்து அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. "உங்க பெரியப்பா சம்பந்தமா பேசுறாரு? சர்வேல்ல எடுக்கிறாரு" என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். அண்ணன் இருக்கும்போது அப்பாவுக்குக் கருத்து என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ, அத்தை தானே ஓர் ஆளைச் சொன்னாள். அதே கடையில் கண்ணாடிச் சில்லு தேய்ப்பவர். எல்லோரும் கோ ஷே என்று கூப்பிடுவார்கள். எனக்கு அவரை முன்பே தெரியும். எங்கள் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். காய்கறிக்காரனும் பேப்பர்காரனும் அதில் மாட்டிவிட்டு ஆட்டினால் மேலே மணி அடிக்கும், நாங்கள் இழுத்துக்கொள்வோம். சாயங்காலங்களில் மணி அடித்து நான் இழுத்தால் சில நாள் சூரியகாந்தி விதைப் பொட்டலம் வரும். ஒருமுறை விளிம்பு உடைந்த பூதக்கண்ணாடி வந்தது. என்னை அவர் மிகச் சுலபமாக வளைத்துப் போட்டுவிட்டார். கல்யாணம் நடந்தே தீர வேண்டும் என்பதில் அத்தைக்கு அடுத்தபடி உறுதியாக இருந்தவள் நான்தான்.

"பர்மாக்காரனா?" என்றார் பெரியப்பா.

"பாதி" என்றாள் அத்தை.

"மிச்சப் பாதி?"

"ஐரிஷ்."

பெரியப்பாவின் தீர்ப்புப் பட்டியலில் அயர்லாந்து இல்லை. "ஊர் பேர் தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்தா மானம் கப்பலேறிடும்" என்றார். நாங்களே கப்பலேறி வந்தவர்கள்தாம். மானமும் கூடவே டெக்கில் உட்கார்ந்து வந்திருக்கும் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அன்று அத்தைதான் பேசினாள். அவள் அண்ணனிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவுகளுக்குப் பேரும் இருக்கு, ஊரும் இருக்குண்ணே. ஒருவாட்டி கூப்பிட்டுக் கேளுங்க. கேட்டுட்டு வேணாம்னா வேணாம். ஆனா அதுக்கப்புறம் எனக்கு யாரையும் பாக்காதீங்க."

அத்தை வெறும் வாய்ச் சொல்லாகச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள்.

கோ ஷே நகரத்தின் மேற்கே க்யிம்யிண்டைங் பேட்டையிலிருந்து அம்மாவோடு வந்தார். தகப்பனார் இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. அம்மா பர்மியப் பெண்மணி, அதிகம் பேசாதவர். கையில் அரக்குப் பெட்டியில் லப்பெ கொண்டுவந்திருந்தார். தேயிலை ஊறுகாயும், சுற்றிலும் வறுத்த பயறும் எள்ளும் பூண்டும். அதைப் பெரியப்பா முன்னால் வைத்தார்கள். பெரியப்பா தொடவில்லை. பழைய காலத்தில் வழக்கு முடிந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்து லப்பெ தின்பது பர்மிய வழக்கம்; தின்றபின் பேச்சு மாறக்கூடாது. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாதா?

"பேரு?" என்று ஆரம்பித்தார்.

"ஓஷே, ஊஜீ."

ஊஜீ என்பது பர்மியத்தில் பெரியப்பா முறை. க்யிம்யிண்டைங் சந்தைத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் கோ ஷேக்குத் தமிழ் வரும், கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

"ஊ ஷேயா? இந்த வயசுலயே ஊ போட்டுக்கிறீங்களா?"

பெரியப்பாவின் சந்தேகத்தில் தப்பில்லை. பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பேர் ஒன்று, அம்மா பேர் ஒன்று, பிள்ளைகளுக்குப் பிறந்த கிழமை பார்த்து வேறொன்று. முன்னால் வருவது வயதுக்கான மரியாதை மட்டுந்தான்: பையனுக்கு மௌங், வாலிபனுக்கு கோ, பெரியவருக்கு ஊ. ஷே என்பதும் பர்மியத்தில் இருக்கிற சொல். முன்பக்கத்துக்கும் பழமைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே அயர்லாந்துப் பெயர் ரங்கூன்காரர் காதில் ஊ ஷே என்றே விழும். வயது போதாதென்று அவர்களே திருத்தி கோ ஷே ஆக்கிக்கொள்வார்கள்.

"ஸ்கூல்ல மௌங் ஷே, இப்ப கோ ஷே. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு ஊஜீ. இன்னும் கொஞ்சம் வயசானா எல்லாரும் ஊ ஷேன்னுவாங்க. அப்ப பேரு தன்னால சரியாயிடும்" என்றார்.

"அப்ப அந்த ஓ, மரியாதை இல்லையா?"

"இல்ல ஊஜீ. பேரன்னு அர்த்தம். ஷேன்னு ஒருத்தரு ரொம்ப ரொம்ப முன்னாடி இருந்தாராம். அவரு பேரன், ஓஷே. அந்தப் பேரனோட பேரனும் ஓஷே. அப்படியே வருது. பொம்பளப் புள்ளைக்கு மட்டும் அவங்க பாஷையில ஓ வராது. 'நீ'ன்னு வரும்."

"பொண்ணுகளுக்கு அங்கயும் மரியாதை இல்லபோல" என்றார் பெரியப்பா. அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பேரன் என்ற சொல் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பாஷையில பேரன்னா என்ன தெரியுமா? பேரை வெச்சிருக்கிறவன். தாத்தா பேரை வெக்கிறோமில்ல, அதான் பேரன். எனக்கு எங்க தாத்தா பேரு."

"அப்ப நீங்களும் ஓதான் ஊஜீ."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மீசைக்குள்ளேயே தடுத்து நிறுத்தி, "பேரு சரி, ஊரு?" என்றார்.

கோ ஷே பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மடியில் விரித்தார். பாத்திரம் துடைக்கிற துணி. அவருடைய அத்தை ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் குடிபோனவர், ஒருமுறை அயர்லாந்தைப் பார்க்கப் போய் அங்கே வாங்கி அனுப்பியது. துணி முழுவதும் அயர்லாந்து வரைபடம். ஊர்களுக்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பப்பெயர் என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஒரு தட்டைக்கூட அது துடைத்ததில்லை. மடித்த கோடு அப்படியே இருந்தது.

"கைதொடைக்கிற துணியிலயா குலம் கோத்திரம்?" என்றாலும் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

தென்மேற்கு மூலையில் கெர்ரி என்று ஒரு சீமை. கடலுக்குள் விரல் நீட்டிய மாதிரி நிலம். அதில் ஒரு விரலின் மேல் ஓஷே என்று எழுதியிருந்தது. கோ ஷே அதைத் தொட்டுக் காட்டினார். மூலம் அங்கேதான். பக்கத்துச் சீமையான கார்க்கிலும் உண்டு. ஒரு கிளை வெகுகாலம் முன்பே கிழக்கே கில்கென்னிக்குப் போய் வியாபாரம் பண்ணியது. அங்கே ஓ உதிர்ந்து வெறும் ஷீ ஆகிவிட்டது. பஞ்சத்தில் கப்பலேறியவர்களால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. இவருடைய தாத்தா பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்கு வந்து, ரயிலில் வேலைக்கு அமர்ந்து, இங்கேயே இன்னோர் ஐரிஷ் குடும்பத்தில் கட்டிக்கொண்டார்.

"எந்த நாட்டுல ஓஷேன்னு ஒருத்தனப் பாத்தாலும் ஆதி ஊரு இங்கதான் ஊஜீ. பேரைச் சொன்னாப் போதும்."

பெரியப்பா மெய்யாகவே அசந்துபோனார். ஊரைச் சொன்னால் ஆளைச் சொல்கிறவருக்கு, பேரைச் சொன்னாலே ஊர் தெரிகிற ஒரு சனம் உலகத்தில் இருக்கிறது என்பது பெரிய சேதி. அத்தையின் கல்யாணம் முடிந்த மாதிரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கோ ஷே கேட்டார். அதில் சூதோ வாதோ கிடையாது, வெறும் சந்தோஷம்.

"உங்க ஊரு எது ஊஜீ? இந்த மாதிரி படம் இருந்தா உங்க பேரு எங்க எழுதியிருக்கும்?"

"சிவகங்கைச் சீமை" என்றார் பெரியப்பா உடனே.

"சீமைக்குள்ள?"

"மானாமதுரை பக்கம்."

"பக்கத்துல எந்த ஊரு?"

பெரியப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். நம்ம ஊர், நம்ம ஊர் என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அந்த ஊருக்கு ஒரு பேர் வேண்டும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றியதே இல்லை போலிருக்கிறது. கப்பலேறி வந்த பெரியப்பாவின் தாத்தா சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்களும் இல்லை. பெரியப்பாவின் கழுத்து சிவந்தது. கோ ஷேக்குத் தான் எதையோ மிதித்துவிட்டது புரிந்து, துணியின் ஓரத்தை மடிக்கத் தொடங்கினார். எனக்கு உள்ளே குதியாட்டம். ஊர் பேர் தெரியாதவர் யார் என்று இன்னும் ஒரு நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும், பெரியப்பா தோற்றுவிடுவார், கல்யாணம்.

"தாழைக்கரிசல்ணே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "நீங்கதானே சொல்லுவீங்க, தாத்தா ஊரு தாழைக்கரிசல்னு."

பெரியப்பா திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆமா. தாழைக்கரிசல். என்னமோ நெனப்புல இருந்தேன்" என்றார்.

கோ ஷே அந்தப் பேரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்து, நல்ல பேர் என்றார். பேச்சு வேறு பக்கம் போனது. வேலை, வீடு, உடம்பு எப்படி என்று. வெயில் தாழ்ந்தபோது பெரியப்பா கையை நீட்டி, லப்பெயில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கோ ஷேயின் அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. கோ ஷே எனக்கு மாமா ஆனார். பத்திரிகையில் தாழைக்கரிசலைப் பூர்வீகமாகக் கொண்ட என்று பெரியப்பாவே சொல்லி அச்சடிக்க வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஊர் வளரத் தொடங்கியது. சில வருஷத்தில் அதற்கு ஒரு கண்மாய் வந்தது, கரையில் அய்யனார் கோயில் வந்தது, அவருடைய தாத்தாவுக்குக் கோயிலில் முதல் மரியாதை வந்தது. பெரியப்பா கண்ணை மூடும் வரைக்கும் அங்கே நல்ல மழை.

பல வருஷம் கழித்து, அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போயிருந்தேன். ஒருநாள் அப்பாவை அறையில் விட்டுவிட்டு மானாமதுரைக்குப் பஸ் ஏறினேன். பஸ் நிலையத்தில் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன், ஆட்டோக்காரர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வெற்றிலைக் கடைக்காரர்தான் சிரித்தார். "தாழை தண்ணியில நிக்கிறது. கரிசல் காய்ஞ்சு வெடிக்கிற மண்ணு. ரெண்டையும் பாக்காதவுக யாரோ வெச்ச பேரும்மா இது."

திரும்பி வந்து அத்தையிடம் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் கஞ்சி சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

"எனக்கென்னடி தெரியும்? வாய்க்கு வந்ததச் சொன்னேன். எங்கண்ணன் மாப்பிள்ளை முன்னாடி வாயடைச்சு உக்காந்திருந்தா, அப்புறம் எனக்கு யாரு தாலி எடுத்துக் குடுப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்கு எட்டவில்லை. அவள் குரல் கேட்டதுமே நான் அடுப்படிக்குள் ஓடி, அவள் இடுப்பில் ஓங்கிக் குத்தினேன். ஜெயிக்கிற நேரத்தில் எதிராளிக்கு விடை சொல்லிக்கொடுத்தாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, பெரியப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். தண்ணீர் வேறு ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கொண்டுபோய் அவர் முன்னால் தளும்பத் தளும்ப வைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.