புஷ்பம் அக்கா கையெழுத்துப் போட்ட நாள்

யட்டியாந்தோட்டைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் புஷ்பம் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது வரை நாடு கிடையாது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் எங்கள் தோட்டத்துச் சனத்தைப் பங்கு போட்டபோது அவர் தம்பி முத்துவீரன் இந்தியாவுக்குப் போனார். கல்யாணமாகியிருந்த அக்கா எந்தப் பங்கிலும் சேராமல் தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார். அடையாள அட்டையும் இல்லை, ஓட்டும் இல்லை.

2003 கடைசியில் புதுச் சட்டம் வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இலங்கைக் குடியுரிமை. அந்த நேரம் பார்த்து, இருபது வருசத்துக்குப் பிறகு முத்துவீரன் வந்து இறங்கினார்.

“கையெழுத்துப் போடாத அக்கா. எங்கூட வந்துரு. என்ன இருந்தாலும் அதுதான் நம்ம நாடு.”

கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இத்தனை காலம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு இப்போதுதானா பாசம் பொங்க வேண்டும்?

மூன்றாம் நாள் அக்கா முடிவு எதுவும் சொல்லாமலே பஸ் ஏறினார். நானும் முத்துவீரனும் கூடப் போனோம். முத்துவீரன் கண்டக்டரிடம் சிங்களத்தில் வாயைத் திறந்தவர்தான், பஸ் முழுக்கச் சிரிப்பு.

“அங்க பேச ஆளில்ல சதீஸ், நாக்கே துருப்பிடிச்சுப் போச்சு” என்றார் என்னிடம்.

குடியுரிமைப் படிவம் வாங்கும் பாடசாலை மண்டபத்தில் நீண்ட வரிசை. எங்கள் ஆட்களுக்கு வரிசையைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். முத்துவீரனும் அக்காவுக்குப் பின்னால் நின்றார். வரிசையில் படிவம் நிரப்பிக் கொடுத்த பிள்ளை கேட்கக் கேட்க, பிறந்த தோட்டம், அப்பா பெயர் எல்லாம் அவரும் ஒப்பித்துவிட்டார்.

மேசையில் இருந்த யாழ்ப்பாணத்து அலுவலர் குணேஸ்வரி இரண்டு படிவங்களையும் பார்த்தார்.

“ஐயா, நீங்கள் இவ்வளவு காலமும் எங்க இருந்தனீங்கள்?”

“இந்தியாவுலங்க. பாஸ்போட்டு இருக்கு.”

“பிறகேன் இந்த வரிசையில நிண்டனீங்கள்?”

முத்துவீரன் அசடு வழிந்தார். “என்னத்தச் சொல்றதுங்க மிஸ்? அங்க எங்க தெருவுல இன்னமும் என்னய சிலோன்காரன்னுதான் கூப்பிடுறாங்க. எம் மகன் அங்கயே பொறந்தவன். அவனத்தான் ஊர்க்காரனா ஏத்துக்கிட்டாங்க.”

மண்டபமே சிரித்தது. அக்கா மட்டும் தம்பியை ஒரு நிமிடம் பார்த்தார்.

“அப்ப அங்க வந்தா நானும் சிலோன்காரிதான். அதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன்டா.”

பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

முத்துவீரன் கண்ணைத் துடைத்தார். “நாம வேற வேற நாடாயிட்டோமா அக்கா?”

“ஆமாடா.” அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “என் நாட்டுக்கு வந்த மொத விருந்தாளி நீதான். இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போ.”