சனிக்கிழமைக் கையெழுத்து

குற்றச்சாட்டு இது: 2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு மேல், லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் பணியாளர் பதினொரு பேர் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு மதுக்கூட மேசையில், அங்கே வராத பன்னிரண்டாவது ஆளின் பதவி உயர்வு ரத்தானது. மார்ச் 20 திங்களன்று அவன் கையில் திணிக்கப்பட்ட குறிப்பாணை அதற்குக் காரணம் சொன்னது: "குழு ஒன்றுகூடல்களைத் தொடர்ந்து புறக்கணித்து, ஒற்றுமைக்குக் குந்தகம் விளைவித்தல்." அவன் குடிப்பதில்லை என்பதைத்தான் அந்த ஏழு சொற்களும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுச் சொல்லின.

அவனுக்கு வயது இருபத்தொன்பது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பழைய கட்டடங்களின் மோட்டார் அறைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த கையேடுகளைக் கேட்டு வாங்கி வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லிஃப்டின் நாடி நரம்பையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டான். மாடியில் அவன் படுக்கும் அறையில் கட்டிலை விட இரும்பு அலமாரி பெரியது. பணி நியமனக் கடிதத்திலிருந்து பல் பிடுங்கிய சீட்டு வரை அதில் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். வேலையிடத்தில் அவனுக்கு வைத்த பெயர் "ஃபைலு". கேலிக்கு வைத்த பெயர் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

நிறுவனத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அடுத்த வாரம் யாருக்கு எந்தக் கட்டடம் என்ற பட்டியல் அலுவலகத்தில் எழுதப்படுவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, மதுக்கூடத்தில், இரண்டாவது சுற்று வந்த பிறகு, சூப்பர்வைசர் பேனாவை எடுப்பார். எதிரில் இருப்பவர்களுக்குப் புதுக் கட்டடங்கள். வராதவனுக்கு, நிமிர்ந்து நிற்க முடியாத மோட்டார் அறைகளும் தவளை நீந்தும் லிஃப்ட் குழிகளும். ஐந்து ஆண்டுகள் அவன் அந்தக் குழிகளில் இறங்கினான், முணுமுணுக்கவில்லை. பழைய லிஃப்ட் கற்றுக்கொடுப்பதைப் புதிய லிஃப்ட் கற்றுக்கொடுக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை வழக்கம் வேறு. காலை ஏழரைக்கு, வேலை தொடங்குமுன், பாதுகாப்புப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே கையெழுத்திட வேண்டும்: "கடந்த பன்னிரண்டு மணி நேரத்தில் மது அருந்தவில்லை." கையெழுத்தில்லாதவர் அன்று லிஃப்ட் கூண்டின் கூரை மீது ஏறக் கூடாது. முந்தைய இரவு பத்துக்குக் கடைசிக் கிளாஸைக் கவிழ்த்தவர்களின் கணக்கு எப்படிப் போட்டாலும் உதைக்கும். அதனால் சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"தம்பி, நம்ம கூட்டத்துல சுத்தமான கை உன்னோடதுதான். எல்லாருக்கும் நீயே போட்டுடு."

அவனும் போட்டான். இதை மறைத்தால் அலமாரியில் உள்ள மற்ற காகிதங்களுக்கு மதிப்பிராது என்பதால் சொல்லியாக வேண்டும்: இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு சனிக்கிழமையும், பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு சாய்வில் அவன்தான் கையெழுத்திட்டான். சுத்தமான கை என்றதில் உச்சி குளிர்ந்து போயிருந்தான். மேசையில் இடமில்லாதவனுக்குப் பதிவேட்டிலாவது இடம் கிடைத்ததே என்ற அற்ப சந்தோஷமும் இருந்தது.

2023 ஜனவரி 7, சனிக்கிழமை. எட்டு மாடிக் குடியிருப்பு. சூப்பர்வைசர் லிஃப்ட் கூண்டின் கூரை மீது ஏறி நின்று, கூண்டு ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏறியதும் அழுத்த வேண்டிய நிறுத்து பொத்தானை அழுத்தவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள மனிதர் அழுத்த மறந்தார். மேல்மாடியில் யாரோ லிஃப்டை அழைக்க, கூண்டு அவரையும் சுமந்துகொண்டு மேலே கிளம்பியது. ஏழாம் தளத்தில் நின்றிருந்த ஃபைலு கையிலிருந்த சாவியால் தளக்கதவைத் திறந்தான். எந்தத் தளத்தின் கதவு திறந்தாலும் லிஃப்ட் நின்றுவிடும். நின்றது. சூப்பர்வைசரின் தலைக்கும் மேலே இருந்த உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு சாண்.

கீழே இறங்கியவர் சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "போயிருந்தா நேரா மேலயே போயிருப்பேன்டா. படி ஏற வேண்டிய வேலை மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை அவர் குடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தது அவருடைய கையல்ல.

அடுத்த சனிக்கிழமை தன் வரிசையில் மட்டும் கையெழுத்திட்டுப் பேனாவை மூடினான்.

"என்னடா, மை தீந்துடுச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"அவங்கவங்க வரிசையில அவங்கவங்க போடட்டும்ணே."

"ஓஹோ! இன்னிக்குத்தான் ஞானம் பொறந்துச்சோ? குடிக்கவும் வரமாட்ட, கூட நிக்கவும் மாட்ட. உன்னை வச்சுக்கிட்டு நாங்க என்னடா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்ணே. கையெழுத்து மட்டும் போடுங்க."

மற்ற வரிசைகளைச் சூப்பர்வைசரே கிறுக்கி நிரப்பினார். அன்று முதல் அவனுக்குச் சனி பிடித்தது. முந்தைய நவம்பரில் மேலாளர் கையெழுத்தோடு அவனுக்கு உறுதி செய்யப்பட்ட இளநிலை மேற்பார்வையாளர் பதவி முதலில் தள்ளிப்போடப்பட்டது, பிறகு ரத்தானது. அதன் முடிவுதான் மேலே சொன்ன குறிப்பாணை.

வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "குடிச்சதுக்கு மெமோ வாங்கினவன் ஊர்ல ஆயிரம் பேர். குடிக்கலைன்னு வாங்கினது எம்புள்ள ஒருத்தன்தான். கண்ணாடி போட்டு மாட்டுங்க."

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரான அப்பாவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "ஊரோட ஒத்துப் போடா. உங்க அக்கா கல்யாணத்துல ஜூஸ் டம்ளரோட நின்னே, என் சிநேகிதனுங்க எல்லாம் 'பையனுக்கு ஈரலா, கிட்னியா'ன்னு கேக்குறானுங்க. கையில ஒரு கிளாஸைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா தேஞ்சா போயிடுவ?"

"அவங்க கேக்குறது கிளாஸ் இல்லப்பா. கையெழுத்து."

அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்.

அன்று இரவு குறிப்பாணையின் இணைப்பை அவன் விரித்து வைத்தான். ஒன்றுகூடல் முறையாக நடந்தது என்று நிரூபிக்க, மதுக்கூடத்தின் ஆர்டர் சீட்டையே நகலெடுத்து இணைத்திருந்தார்கள், இருக்கை எண் வாரியாக, யார் எந்த இருக்கை என்ற பட்டியலோடு. ஃபைலுக்கு ஆவணம் கொடுத்தால்தான் வாயடைக்கும் என்று நினைத்திருப்பார்கள் போலும். தொகை இருந்த இடங்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். பானங்களின் பெயர்களை அடிக்க மறந்திருந்தார்கள். அவன் அளவுகோல் வைத்து வரிவரியாகப் படித்தான். பதினொரு இருக்கைகளில் ஐந்துக்கு, மூன்று சுற்றும், ஆப்பிள் ஜூஸ். அந்த ஐந்து பேரும் முப்பது வயதுக்குக் கீழே.

மறுநாள் மதியம், சாப்பாட்டு வேளையில், அந்த ஐவரில் ஒருவனான வெல்டரைப் படிக்கட்டில் பிடித்தான். இருபத்து நான்கு வயது. இருக்கை எண் ஏழு.

"எத்தனை நாளா இந்த ஆப்பிள் வியாபாரம்?"

வெல்டர் வாயில் போட்டதை விழுங்க முடியாமல் திணறினான். "அண்ணே, சத்தமா பேசாதீங்க! ரெண்டு வருஷமா. சப்ளையர் நம்ம ஆளு. குட்டை கிளாஸ்ல ரெண்டு ஐஸ் போட்டு வச்சுடுவாரு. ரெண்டாவது ரவுண்டுக்கு மேல நம்ம சூப்பர்வைசருக்கு மீன் தொட்டியே விஸ்கியாத்தான் தெரியும்."

"குடிக்கப் பிடிக்கலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"போனா தவளைக் குழி யாருக்கு? உங்களைப் பாத்துத்தாண்ணே பயந்தோம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "காலைல அஞ்சரைக்கு நான் ஓடப் போறவன். நம்ம வயர்மேனுக்கு அந்த வாடையே ஆகாது. இதுல பெரிய கொள்கையெல்லாம் இல்ல, எங்க செட்ல யாருக்கும் அது சுவாரஸ்யமாவே இல்ல. ஆனா பேரை மட்டும் எழுதிடாதீங்க."

"எழுத மாட்டேன். எண்ணிக்கையை மட்டும் எழுதுவேன். பட்டியல் அவங்ககிட்டயே இருக்கு, தேடினா தெரியும். அதையும் இப்பவே சொல்லிடுறேன்." வெல்டர் யோசித்தபடி டப்பாவை மூடினான்.

குழி அவனுக்கு வலித்ததில்லை. தன் குழியைக் காட்டி ஐந்து பேரை நடிக்க வைத்திருக்கிறார்கள் என்பது வலித்தது.

மார்ச் 23 அன்று மேலாளர் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. இனி ஒன்றுகூடல்களில் தவறாமல் கலந்துகொள்வதாகவும், பதிவேட்டுப் பணியைப் பழையபடி ஏற்பதாகவும், நடந்ததற்கு வருந்துவதாகவும் அதில் அவன் சொல்லியிருந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இதுல போடுங்க, நாளைக்கே போஸ்டிங் ஆர்டர்," என்றார் மேலாளர். "உங்களை யாரும் குடிக்கச் சொல்லலை. வந்து உக்காருங்க, அவ்வளவுதான். நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். ஒரே மேசையில உக்காந்தாதான் மனசு விட்டுப் பேச முடியும்."

"மனசு விட்டுப் பேசுற மேசையில அஞ்சு பேரு ஜூஸை விஸ்கின்னு காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, சார். நீங்க கொடுத்த சீட்டுலதான் இருக்கு."

மேலாளர் சீட்டை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"பதவி வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும் சார். அஞ்சு வருஷம் அதுக்குத்தான் குழியில இறங்கினேன். ஆனா இந்த வழியா வேணாம்." தட்டச்சுக் கடிதத்தை இரண்டாக மடித்தான். "இதோட ஒரு நகல் நான் வச்சுக்கலாமா?"

நகல் கிடைக்கவில்லை. கேட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டான்: பதினொன்று நாற்பது.

மார்ச் 25, சனிக்கிழமை காலை, பதிவேடு மேசையில் திறந்து கிடந்தது. அவன் தன் வரிசையில் கையெழுத்திட்டுத் தள்ளி நின்றான். பிறகு வெல்டர் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரைப் பள்ளிப் பிள்ளைபோல் முழுசாக எழுதினான். வயர்மேன் எழுதினான். இன்னொருவனும் எழுதினான். மற்ற இரண்டு ஜூஸ்காரர்களும் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்கள்.

"ஏண்டா, துரோகிங்களா! ரெண்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்து என்னத்தைடா குடிச்சீங்க?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"நீங்க வாங்கிக் குடுத்ததைத்தாண்ணே," என்றான் வெல்டர்.

மூன்று பேர் தாங்களே எழுதிய பக்கத்தில் மற்றவர்களுக்காகக் கிறுக்கச் சூப்பர்வைசர் துணியவில்லை; எட்டு வரிசைகள் காலியாக இருந்தன. அன்று எட்டுப் பேர் லிஃப்ட் கூண்டின் கூரை மீது ஏற முடியவில்லை. ஐந்து கட்டடங்களின் வேலை நின்றது. ஒற்றுமைக்குக் குந்தகம் என்று இதையும் குறிப்பாணையில் சேர்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். சேர்க்கட்டும் என்று இருந்தான்.

மார்ச் 27, திங்கள் காலை, அவன் தன் பதிலை மேலாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கினான். இரண்டு ஆண்டுகள் பிறருக்காகத் தான் இட்ட கையெழுத்துகள் அனைத்தும் பொய் என்று தேதிவாரியாக ஒப்புக்கொண்டு, அதற்குரிய தண்டனையை ஏற்பதாக முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தான். கடைசிப் பக்கம் இப்படி முடிந்தது:

"ஆகவே நான் கேட்பது ஒன்றே. எனக்கு உறுதி செய்யப்பட்ட பதவி, என் வேலையில் கண்ட குறைக்காக மறுக்கப்பட்டதா, அல்லது நான் குடிக்காததற்காகவும் குடித்தவர்களுக்காகக் கையெழுத்திட மறுத்ததற்காகவும் மறுக்கப்பட்டதா? குறை எனில், எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், எந்தத் தேதி என்று குறிப்பிடவும். இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள், அலுவலக முகவரித் தாளில், பொறுப்பானவர்களின் முழுப் பெயரோடும் அவரவர் கைப்பட இட்ட கையெழுத்தோடும், எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும். வாய்மொழியாகச் சொல்லப்படுவது எதுவும் பதிலாக ஏற்கப்படாது."