ஆளில்லாத சீட்டின் மவுஸ்

1. இரண்டு உத்தரவுகள்

இன்விஜிலேட்டர் டூட்டியின் முதல் நாளில் எனக்கு இரண்டே உத்தரவுதான். பரீட்சை எழுதுகிறவர்களைத் தொடக்கூடாது. திரையில் இருக்கும் கேள்வியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. மற்றபடி ஹாலுக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் இன்-சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த லேபைத்தான் ஆன்லைன் பரீட்சைகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடுவேன்.

நடக்க நடக்க, ஆட்கள் செய்யும் வித்தைகளெல்லாம் கண்ணில் படும். தெரியாத கேள்விக்கெல்லாம் 'சி' போடு என்று ஒரு கட்சி. கடைசிக் கேள்வியில் தொடங்கிப் பின்னோக்கி வா என்று இன்னொரு கட்சி. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, முதல் கேள்வியை மட்டும் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. பின்னோக்கி வருகிறவர்களுக்குப் பதற்றம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் மனசாந்திக்கு. படிக்காதவனுக்குப் பிள்ளையாரே வந்தாலும் பாஸ்வேர்டு தர முடியாது.

ஒரு சீசனில் புதிதாக ஒரு வித்தை கிளம்பியது. எந்தக் கோச்சிங் சென்டரில் பிறந்ததோ தெரியவில்லை. விடை தெரியாவிட்டால் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிப் பத்து எண்ண வேண்டும். கண்ணைத் திறக்கும்போது திரையில் அம்பு எந்த ஆப்ஷனுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அதுதான் விடை. விட்ட இடத்தில்தானே அம்பு நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. ஏ.சி. இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லாத ஹாலில், நீல வெளிச்சம் முகத்தில் அடிக்க, பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரிசைகளில் மட்டும் வேகமாக நடப்பேன்.

2. போனக்காட்டுப் பெண்

அன்று வாசலில் வளையல், ஹேர்கிளிப் எல்லாம் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் தமிழில் பேசியதும் ஒரு பெண்ணின் முகம் மலர்ந்தது. பெயர் சுபிதா. போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் வீடு. அங்கிருந்து காலை பஸ்ஸில் வந்தால் நேரத்துக்குச் சேர முடியாது என்று முந்தின நாளே வந்து தோழி வீட்டில் தங்கியிருந்தாள்.

"இதுதான் டீச்சர் கடைசி. அடுத்த தடவைக்கு வயசு தாண்டிரும். அப்புறம் அம்மா கூட கொழுந்து கிள்ளத்தான் போணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை மட்டும் ஹால்டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கிடைத்தது சுவரோரத்துக்கு முந்தின வரிசை. எங்கள் லேபில் மேசைகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். அவளுக்கு நேர் எதிரில் இருந்தது பஃபர் சீட். யாருடைய சிஸ்டமாவது படுத்துவிட்டால் மாற்றி உட்கார வைக்க அதைக் காலியாக வைத்திருப்போம்.

பாதி நேரம் போயிருக்கும். அவள் பின்னால் நடந்தபோது கை இரண்டும் மடியில் இருந்தன. கண் மூடியிருந்தது. இவளுமா என்று தாண்டப் போனவள் நின்றுவிட்டேன். திரையில் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது.

மெதுவாக, கொஞ்சம் நடுங்கி, யாரோ யோசித்துப் பிடித்து நகர்த்துவதுபோல. மூன்றாவது ஆப்ஷனுக்கு நேரே வந்து நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள். மவுஸை அசைக்காமல் ஒரு விரலால் கிளிக் செய்தாள். அடுத்த கேள்வி வந்தது. கை மடிக்குப் போனது.

அதைவிடப் பயங்கரம் பிறகுதான். அவள் முந்தின பக்கங்களுக்குத் திரும்பி, ஏற்கெனவே பதில் போட்டுப் பச்சையாகிவிட்ட கேள்விகளைத் திறந்தாள். ஒரு சதவீதக் கணக்கு. சரியான விடையைத்தான் போட்டிருந்தாள். அம்பு நகர்ந்து வேறொன்றின் பக்கம் நின்றது. அவள் தன் விடையை அழித்துவிட்டு அதைப் போட்டாள். தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். தப்புக்கு மார்க் குறைப்பார்கள். கடைசி வாய்ப்பு என் கண் முன்னால் கரைகிறது, நான் வாய் திறக்கக்கூடாது.

கையை உயர்த்தி டெக்னீசியன் பிஜுவைக் கூப்பிட்டேன். அவன் அம்பைப் பார்த்தான், பிறகு என்னை.

"போனக்காட்டுக் குட்டியல்லே டீச்சரே? பங்களாவில நின்னு கூட வந்நதாயிரிக்கும்" என்று காதோரம் சொன்னான். பங்களாவிலிருந்து ஏதோ அவள் கூடவே வந்திருக்குமாம். அந்த மலையில் ஒரு பழைய பங்களா உண்டு. பேய் வாழ்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அவன் கிண்டலாகச் சொன்னாலும் குரல் தந்தியடித்தது.

"உளறாதே. கீழே குனிஞ்சு பாரு" என்றேன்.

அவன் குனிவதற்குள் நான் எதிர்ப்பக்கம் போனேன். பஃபர் சீட். மானிட்டர் இருட்டு, சிபியு அணைந்து கிடந்தது. ஆனால் மினுமினுக்கும் மைக்கா மேசைமேல் அதன் மவுஸுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் தூசி தட்டியபோது வயரெல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு மேசைக்கும் வயர் இறங்க ஒரே துளைதான். பஃபரின் மவுஸ் சுபிதாவின் சிபியுவில் ஏறிவிட்டது. பஃபரை ஆன் ஆகிறதா என்று மட்டும் பார்த்து அணைப்பது எங்கள் வழக்கம், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பளபளப்பான பலகையில் இந்த மவுஸ்கள் தானாகவே அலையும்.

"ஈ சிஸ்டத்தில ரெண்டு மவுஸ் உண்டு டீச்சரே" என்று கீழேயிருந்து பிஜு பெருமூச்சு விட்டான்.

நான் இந்தப் பக்கம் திரும்பி வந்ததும் சுபிதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்காதீங்க டீச்சர். அதுக்கு எல்லாம் தெரியுது. எனக்குத் தானா காட்டித் தருது."

"வேற மவுஸோட வயர்டிம்மா அது. வேறொண்ணும் இல்லை."

பிஜு வயரை உருவினான். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. அம்பு நின்றது.

"இனி எனக்கு யாரு சொல்லித் தருவா?" என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"காலம்பற வந்ததுலேர்ந்து நீயேதானே போட்டிண்டிருந்தே? உனக்குத் தெரிஞ்சதை நீயே போடு" என்றேன். கேள்வியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. உத்தரவை மீறவில்லை.

அவள் மவுஸைப் பிடித்தாள். அழித்ததை ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தாள். டைமர் சிவப்பாகி முடிகிறவரை நான் அந்த வரிசையை விட்டு நகரவில்லை.

3. கிழக்கேகோட்டையில்

வெகுநாள் கழித்துக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் "டீச்சர்!" என்று ஒரு குரல். தோளில் ஆபீஸ் பை, கழுத்தில் ஐடி கார்டு. சுபிதாதான்.

"லிஸ்ட்ல கடைசிப் பக்கம் டீச்சர். ஆனா பேரு இருந்துச்சு. அன்னைக்கு நீங்க வரலேன்னா நான் இப்பம் தோட்டத்துலதான்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ் வருவதற்குள் குரலைத் தணித்துச் சொன்னாள்: "தெரிஞ்ச கேள்வியைத்தான் திருத்தினேன். தெரியாததை அது காட்டினபடியே விட்டுட்டேன். இருபதுக்கு மேல இருக்கும். ஆன்சர் கீ வந்தப்போ வச்சுப் பாத்தேன். எல்லாமே தப்பு டீச்சர். ஒண்ணுகூட சரியில்ல."

"பின்னே? மவுஸுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்து அனுப்பிவைத்தேன்.

புதிதாக டூட்டிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காலையில் கதவைத் திறந்ததும் ஆளில்லாத சீட்டுகளின் வயரை முதலில் பாருங்கள். வித்தையை நம்பி வருகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள், ஆனால் அவர்கள் மடியில் கை வைத்தால் திரையை ஒரு பார்வை பாருங்கள்.

மீதியை அவர்களிடம் சொல்வதில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து அன்று வீடு திரும்பும் ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. நான்கு ஆப்ஷன் இருக்கும் இருபது கேள்விக்குக் குருட்டாம்போக்கில் குத்தினால்கூட நாலைந்தாவது சரியாக விழும். ஒன்றுகூட விழாமல், அத்தனையும் தப்பாகவே காட்ட வேண்டுமானால், காட்டிய அதற்குச் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.