சாரல் துரு என்று சொன்னேன்

சாரல் காலத்தில் தென்காசியில் எந்தக் காரின் பிரேக் கரகரத்தாலும், "ஈரத்துல பிடிச்ச துரு, நாலு தடவ மிதிச்சா போயிரும்" என்பார்கள். அக்காவின் கார் கரகரத்தபோது நானும் அதையே சொன்னேன். அவள் தினமும் ஆரியங்காவு மலைப்பாதையில் புனலூருக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு வாரமாகியும் சத்தம் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப்பக்கத்து பிரேக் பேட் தடிமனாகவே இருந்தது. திருப்தியோடு சக்கரத்தை மாட்டப் போனேன்.

"ஏலே, உள்பக்கம் பாத்தியா?" என்றாள் அக்கா.

பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் திறந்தேன். உள்பக்கத்து பேட் முழுதும் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அறுத்திருந்தது.

"இத நம்பியாலே ஒரு வாரம் மலை எறங்குனேன்?"

இரு முன்சக்கரங்களுக்கும் பேட், டிஸ்க் எல்லாம் புதிதாக மாற்றினேன். திங்கட்கிழமை கூப்பிடாமலே அவளோடு ஏறிக்கொண்டேன். பிரேக்கில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்ததில், புனலூர் வரை அவளைப் பாட்டுப் போட விடவில்லை.