கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரம்

என் அக்கா மகளுக்குக் காது குத்திய அன்று நான் பிராக் நகரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். இதை எத்தனையோ விதமாகச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடிகாரத்தின் மேல், கூட வந்த நண்பர்களின் மேல், அந்த நாட்டுச் சட்டத்தின் மேல் எல்லாம் பழி போட்டிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தூங்கியது நான்தான்.

அண்ணாமலை நகரில் படிப்பை முடித்துவிட்டு மேல்படிப்புக்காக ஜெர்மனியில் டிரெஸ்டன் போனது ஓர் ஏப்ரல் மாதம். அப்பா இல்லை. சிதம்பரத்தில் அம்மா. என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவைக் கடலூர் கூத்தப்பாக்கத்தில் கொடுத்திருந்தது. எனக்கு விசா கிடைக்கவேண்டும் என்று பேப்பர்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, திருவந்திபுரத்தில் மலைப்படி ஏறி, ஹயக்ரீவர் சன்னதியில் வைத்து வாங்கிவந்தவள் அவள். ஊருக்குக் கிளம்பும்போது என் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டு வேட்டியை மடித்து வைத்தாள்.

“இது எதுக்குக்கா? அங்க குளிருல இதக் கட்டிக்கிட்டு எங்க போறது?” என்றேன்.

“பாப்பாவுக்கு மூணு வயசு முடியறதுக்குள்ள காது குத்தியாவணும். நீ வர மாட்ட. அன்னிக்குக் குளிச்சிட்டு இதக் கட்டிக்கிட்டு போன்ல ஒக்காரு. அது போதும்டா.”

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாலையும் துண்டும் சபையில் மாமனுக்குத்தான் முதலில். மாமன் இல்லாமல் நடந்தால், பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஆளில்லை என்று புகுந்த வீட்டுச் சனம் அன்றே பேசிவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் அந்த வேலை செய்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். திருவந்திபுரத்தில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து பத்தரைக்குள் குத்திவிட வேண்டும். குமராட்சியில் இருக்கும் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைக்கலாமே, அவனும் மாமன் முறைதானே என்று அக்காவின் மாமியார் சொல்லியிருக்கிறார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். எங்க அம்மா மடில வெச்சிக்கிட்டும், எதிர்ல போன்ல அவன் இருப்பான். அதுதான் கணக்கு” என்று சொல்லிவிட்டாள்.

அதே சனி ஞாயிறில் என்னோடு படித்த மூன்று பேர் பிராக் போக டிக்கெட் போட்டார்கள். டிரெஸ்டனிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம்தான். வந்து ஆறு மாதமாகியும் நான் படித்த ஊரைத் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. போன் எங்கிருந்தால் என்ன, காலையில் பேசப்போவது கால் மணி நேரம், அங்கிருந்தே பேசிக்கொள்ளலாம் என்று நானும் சேர்ந்துகொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அக்கா, “இந்த ஒரு வாரம் ரூம்ல கெடயேன்டா” என்பாள். அது நியாயமாகவும் இருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. ஆனால் வேட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். இதையாவது நம்புங்கள்.

சனிக்கிழமை முழுக்க நடந்தோம். சிவப்பு ஓட்டு வீடுகள், ஆற்றின் மேல் சிலைகள் வரிசையாக நிற்கும் பழைய கல் பாலம், பாலமெங்கும் சனம். வாய் பிளந்து பார்த்தேன், பொய் சொல்வானேன். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்த கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் கிளாஸைத் தூக்கிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டால், அன்று இரவு அந்த நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்களாம். குளிர்காலக் கணக்காம். எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம்.

“ஓசியில ஒரு மணி நேரமா? அடிச்சதுடா யோகம்!” என்று நானும் கிளாஸைத் தூக்கினேன்.

நம் ஊரில் கடிகாரத்தை யார் தொடுகிறார்கள்? பொங்கலானாலும் ஐப்பசி மழையானாலும் பத்து மணி என்றால் பத்து மணிதான். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம் என்று ஏப்ரலில் ஒருமுறை மனப்பாடம் செய்ததோடு சரி. இவர்கள் கடிகாரம் பின்னால் போனால் வித்தியாசம் நாலரை ஆகும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. எஞ்சினியரிங் படித்த மண்டை! அங்கே பத்து மணி என்றால் இங்கே ஆறரை என்பது என் பழைய கணக்கு; உண்மையில் அன்று ஐந்தரை. ஆறே காலுக்கு அலாரம் வைத்தேன். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுக்கிற விடுதி என்பதால் போனில் மற்ற சத்தத்தை எல்லாம் நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

அலாரம் அடித்ததும் எழுந்து, குளித்துவிட்டு வேட்டியைக் கட்டலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தால், அக்காவிடமிருந்து பத்தொன்பது அழைப்புகள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? அப்படியே பனியனோடு வீடியோவில் கூப்பிட்டேன்.

எடுத்தது அக்கா. பின்னால் மழைச் சத்தம், நாதஸ்வரம், சனக்கூட்டம். போனை எல்லாரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்திருந்தாள்.

“காய்ச்சல் விட்டுதாடா?” என்றாள் சத்தமாக.

“காய்ச்சலா? யாருக்கு?” என்றேன் நான்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்காவின் மாமியார் முகத்தைத் திரைக்குள் நுழைத்து, “என்னாப்பா இது, லாட்ஜு மாதிரி இருக்கு? அடுக்கடுக்கா கட்டில் போட்டு?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் என் நண்பன் துண்டோடு நடந்துபோனான்.

“வெளியூர் வந்தேன் அத்த. இன்னும் கால் மணி நேரம் இருக்குல்ல? இதோ குளிச்சிட்டு வந்துடறேன்.”

“எதுக்கு வர்ற?” என்றாள் அக்கா. இப்போது குரல் தணிந்திருந்தது. “மணி பத்தே முக்காலுடா. குத்தியாச்சு.”

நடந்ததை அம்மாதான் பிறகு சொன்னார். பத்து மணியிலிருந்து அக்கா போனை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தம்பிக்குக் கடுமையான காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே சபையில் சொல்லியிருக்கிறாள். என் மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய்யை நானே நடுச்சபையில் உடைத்தேன். பத்து இருபத்தைந்துக்கு ஆசாரி, “நேரம் போவுதும்மா” என்றிருக்கிறார். பசியில் பிள்ளை வீறிட்டது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, குமராட்சிப் பக்கம் மினிபஸ் நின்றுபோயிருந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து, மூன்று வண்டி மாறி, ஈர வேட்டியோடு வந்து நின்றிருந்தார் பெரியப்பா மகன். அக்கா அவரைப் பார்த்திருக்கிறாள். அவர் அப்படியே போய் மணையில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று காலை நான் அழுதேன் என்று எழுத ஆசை. அழவில்லை. ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் படகில் போனோம். நன்றாகச் சாப்பிட்டேன், படம் எடுத்துக்கொண்டேன், சிரித்தும் இருக்கிறேன். அந்தப் படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இப்போதுதான் என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அடுத்த வாரமே, “சாப்புட்டியா, ஸ்வெட்டர் போடுறியா?” என்று எப்போதும்போல கேட்டாள். அந்த நாளைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதானே வசதி.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, இப்போது புதுச்சேரியில் வேலை. போன வருடம் அக்கா மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தார்கள். நானே கடைக்குப் போய்ப் புது வேட்டி எடுத்துக்கொண்டு கூத்தப்பாக்கம் போனேன். அக்கா வேட்டியைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லா இருக்குடா. ஆனா மடிக்குக் குமராட்சில சொல்லிட்டேன்.”

“நான்தான் இங்க இருக்கேனேக்கா.”

“இருக்க. இல்லன்னு சொல்லல.” வேட்டியைத் திரும்ப மடித்தாள். “அன்னிக்குப் போனயே பாத்துக்கிட்டு நின்ன மாதிரி என்னால இன்னொரு வாட்டி நிக்க முடியாதுடா. அவன் வந்துடுவான்.”

மடித்த வேட்டியை அவள் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்தேன்.

விசேஷத்தன்று ஒன்பது மணிக்கே திருவந்திபுரத்தில் நின்றேன். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா மகன் பட்டு வேட்டியும் மாலையுமாக மணையில் உட்கார, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “மச்சான், ஆசாரி மேல தண்ணி சொட்டுது, அந்தக் கொடயக் கொஞ்சம் புடிங்க” என்றார். பிடித்தேன்.

பாப்பா வந்து என் பக்கத்தில் குடைக்குள் ஒண்டிக்கொண்டாள். அவளுக்கு அதற்குள் ஏழு வயது ஆகியிருந்தது. காதில் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது.

“நீங்க மணைல ஒக்காரலயா மாமா?”

“பெரிய மாமா ஒக்காந்திருக்காரே, கண்ணு.”

“ஆமா, அவருதான் எங்களுக்குக் காது குத்துற மாமா” என்றாள். “நீங்க போன் மாமா.”

ஆசாரி ஊசியை எடுத்தார். குடை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மணி சரியாகப் பத்து.