பல நாட்டுக்குப் போகும் சர்க்கரைக் கணக்கு

மலையூரான தானா ராத்தாவில் தூறல் விடவில்லை. ஈப்போ திரும்ப நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து முனியம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நிற்கிறார். அவருடைய சர்க்கரை நோய் விவரத்தைப் பேர் இல்லாமல் பல நாட்டு டாக்டர்கள் பார்க்கப்போகிறார்களாம். எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எழுதிவைத்தால், எந்த மருந்து யாருக்குக் கேட்கிறது என்று சேர்த்துப் பார்க்கலாமாம். எனக்கு அதிசயமாக இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அந்தக் காலத்தில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே பாட்டிலிலிருந்துதான் ஊற்றுவார்.

“மாத்திர ஒனக்குக் கேக்குதாம்மா?”

“எங்கண்ணே! அடுத்த தடவ ஊசின்னுட்டாரு டாக்டர்.” குரலைத் தாழ்த்துகிறார். “நான் பாதிதான் முழுங்குறேன். மீதி நாத்தனாருக்கு. அவளுக்கும் சக்கரதான், ஆஸ்பத்திரின்னா பயம். லயத்துல வீட்டுக்கு வீடு கொழம்பு குடுக்கிறோம், மாத்திர குடுத்தா என்னா லா?”

“அப்ப அத்தன நாட்டு டாக்டருங்களும் இந்த மாத்திர ஒதவாதுன்னுல்ல நெனப்பாங்க?”

முனியம்மா சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நிற்கிறது. பஸ் வருகிறது. அவர் ஏறாமல் குடையை விரிக்கிறார்.

“நீங்க போங்கண்ணே. டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துர்றேன். நாளைக்கு அவளையும் இழுத்துட்டு வரணும்.”