வாசித்த பிறகுதான் சீல்

அகமது கபீர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது வசவாகத்தான். என் நாத்தனார் மகள் ஜாஹிரா பீவி செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். தம்பியின் கல்யாணக் கடிதம் வாங்கத் தென்காசிக்கு வந்தவள் வெறுங்கையோடு திரும்பினாள். "ஒரு சீலு குத்த என்னா பவுசு மாமி! வெத்துத் தாள்ல குத்தித் தாங்க, பொறவு எழுதிக்கிடுதோம்னேன். எந்திரிச்சே போயிட்டாரு."

கபீர் எங்கள் ஜமாஅத்தின் சீலை வைத்திருப்பவர். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்காருவார். சட்டைப்பையிலிருக்கும் கைக்குட்டையை அவிழ்த்துச் சீலை எடுத்து, பழைய பேப்பரில் ஒருமுறை குத்திப் பார்ப்பார். கடிதத்தில் குத்தும்போது பாதி சீல் தலைவரின் கையெழுத்து மேல் விழ வேண்டும். குற்றாலத்துச் சாரல் அடிக்கும் மாதங்களில் மை காயாது. ஊதிக்கொண்டே இருப்பார்.

"கையெழுத்து தலைவரோடது. சீலு மஹல்லாவோடது. நாளைக்குக் கோர்ட்ல கேட்டா ஊரே சாட்சி சொன்ன மாதிரி. வெத்துத் தாள்ல குத்துனா, வீட்டத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போன கததாம்" என்பார்.

வெளியூரில் பெண் எடுக்கிற மாப்பிள்ளைக்கு, அவனுக்கு வேறு மனைவி இல்லை என்று ஜமாஅத் கடிதம் தர வேண்டும். அந்த வரியை மாப்பிள்ளையே உரக்க வாசிக்க வேண்டும் என்பது கபீர் வைத்த வழக்கம். வாசிக்கிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் சீல்.

திட்டிய ஜாஹிராவே போன சாரலில் தன் மகள் சஃப்ரினை அவர் மகன் யஹ்யாவுக்குப் பேசினாள். "வெத்துத் தாள்ல குத்தாதவரு வீட்டுல பொண்ணக் குடுத்தா பயமில்ல மாமி."

கடிதம் வாங்க நானும் கூடப் போனேன். தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கபீர் மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, துபாயிலிருந்து வந்திருந்த மகனிடம் தாளை நீட்டினார்.

"எனக்குமா வாப்பா?"

"ஒனக்குந்தாம்லே. மாப்ளன்னா மாப்ளதான்." சிரித்தார்.

பேர், வாப்பா பேர், தெரு என்று வாசித்து வந்தவன் அந்த வரியில் நின்றான். "அதான் தலைவர் போட்டாச்சுல்லா. குத்துங்க."

"வாசிலே."

அவன் ஜாஹிராவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "கொல்லத்துல ஒருத்தி இருக்கா வாப்பா. நிக்காஹ் முடிஞ்சிட்டு. சொல்லப் பயமா இருந்துச்சு."

கபீர் மைப்பெட்டியை மூடினார். சீலைக் கைக்குட்டையில் முடிந்தார். முடிச்சு விழ வெகுநேரம் ஆனது.

யஹ்யா அன்றைக்கே கொல்லத்துக்கு ரயில் ஏறினான். பிறகு சஃப்ரினுக்குச் சுரண்டையில் நல்ல இடம் அமைந்தது.

கபீர் இன்றும் அஸருக்குப் பின் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். மாப்பிள்ளைகள் அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்.